கதியால் நகரலாம், வேலி நகரலாகாது

உரும்பிராயில் ஒரு காணியை அளக்க வருகின்ற நில அளவையாளர் முதலில் தேடுவது எல்லைக்கல்லைத்தான். உறுதியில் எழுதப்பட்டிருக்கும் பரப்புக் கணக்கும், கிழக்கெல்லை இன்னாருடைய தோட்டம், வடக்கெல்லை ஒழுங்கை என்ற விபரங்களும் அதன் பிறகே. கல் அகப்பட்டுவிட்டால் சங்கிலி பிடிப்பது சிறிய வேலை. அகப்படாவிட்டால் செம்மண்ணை மண்வெட்டியால் கிளறிப் பார்ப்பார்கள். கிணற்றடியையும் பழைய பூவரசையும் வைத்து ஊகம் செய்வார்கள். அயலவர் இருவரும் தத்தம் பாட்டனார் சொன்னதைச் சொல்லத் தொடங்குவார்கள். அன்றைய அளவை அத்தோடு நின்றுபோகும்.

இரண்டு கற்களுக்கு நடுவே இருப்பது வேலி. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்து வேலி என்பது வரிசையாக நட்ட கதியால்களில் கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டி அடைப்பது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கிளைகளை வெட்டி நட்டால் அவை துளிர்த்து உயிர்வேலியாகிவிடும். ஒரு கதியால் பட்டுப்போனால் அரை முழம் தள்ளி இன்னொன்றை நடுவார்கள். வேலியின் போக்கிலேயே அது சற்று இப்பால் நின்றாலென்ன, அப்பால் நின்றாலென்ன, எவரும் கேட்கமாட்டார். ஆனால் அதே கதியால் வேலிக்குக் குறுக்கே, அடுத்தவர் வளவுப் பக்கமாக, நான்கு விரற்கடை நகர்ந்துவிட்டால் கதை வேறு. இதற்கு எங்கள் பக்கத்தில் வேலி அரக்குதல் என்று பெயர். இதனாற் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்களும், காணியின் விலைக்கு மேலாகச் சட்டத்தரணிகளுக்குக் கொடுத்துத் தீர்த்த குடும்பங்களும் வலிகாமத்தில் எத்தனையோ.

நான் எழுத வந்தது காணியைப் பற்றியன்று. மனித உடலை அளந்தவர்களின் வரலாற்றைப் பற்றி. ஆயினும் அந்த வரலாற்றைப் படித்துக்கொண்டு போகையில், அதன் மிகக் கடினமான முடிச்சு அவிழ்ந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது எங்களூர் வேலிதான். உடலளவையாளர் அளவெடுக்கும் புள்ளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லாண்ட்மார்க்' என்ற சொல்லே ஆதியில் காணியின் எல்லையடையாளத்தைக் குறித்ததுதான். எலும்பில் அத்தகைய கற்கள் உண்டு. தசையில் இல்லை. வயிறு, கன்னம், மார்பு, தொடை, மூளையின் மடிப்பு ஆகியவற்றில் 'இதுதான் அந்த இடம்' என்று இரண்டு பேர் ஒரே புள்ளியில் விரல் வைக்க முடியாது. அப்படியாயின் அவற்றின் வடிவத்தை எப்படி அளப்பது? ஒருவருடையதை மற்றொருவருடையதோடு எப்படி ஒப்பிடுவது?

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து மேற்கே மானிப்பாய் வீதியைப் பிடித்தால் சில மைல் தூரத்தில் மானிப்பாய். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அங்கேதான் நமது மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியால் 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்', கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். கிரேயின் நூலைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், அதில் எலும்புகளின் பகுதி எத்தனை செழிப்பானது என்பது. ஒவ்வொரு முளைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பெயர். தசைக்கு வரும்போது, அது எந்த எலும்பிற் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்பதைக் கொண்டே அதன் இடம் சொல்லப்படுகிறது. கல்லுக்குக் கல் வேலி காட்டுவது போலத்தான். நடுவே திரண்டிருக்கும் தசையின் மேற்பரப்பிற் பெயரிட்டுச் சொல்லக்கூடிய இடங்கள் மிகச் சில. கிறீன் ஐயரின் மாணவர்களும் நோயாளியின் தோலுக்கு அடியில் எலும்பைத் தடவிப் பார்த்தே உள்ளுறுப்பின் இடத்தைக் கணித்திருப்பார்கள். இன்றைய மருத்துவ மாணவரும் நெஞ்சிலே விலா எலும்புகளை எண்ணித்தான் இதயத்துடிப்பைத் தேடுகிறார்.

எலும்பிடம் கடன் வாங்கி அளப்பது நேர்மையான முறை. கடன் வாங்கினோம் என்பதை மறந்துவிட்டு அளப்பதுதான் ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் நடந்தது அதுவே.

ஹெர்பர்ட் றிஸ்லி என்னும் ஆங்கிலேய அதிகாரி வங்காளத்துச் சாதிகளையும் குடிகளையும் அளந்து, 1891இல் அந்த அளவுகளை வெளியிட்டார். அவருக்கு மிகவும் பிடித்தமானது மூக்குச் சுட்டெண். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறாற் பெருக்கினால் அது கிடைக்கும். மூக்கு அகல அகலச் சமூகத்தில் ஒருவரின் இடம் தாழும் என்று அவர் ஒரு விதியையே வகுத்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டுக்கு அவரே ஆணையாளர். சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையின் தலைவரான எட்கர் தேர்ஸ்டனும் காலிப்பரைத் தூக்கிக்கொண்டு தென்னாடெங்கும் அலைந்தார், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வயநாட்டிற் பணியப் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓடிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல மாதிரிகளைப் பொறுக்கிப் பஞ்சடைத்துச் சென்னைக் காட்சிச்சாலையில் வைக்கப் போகிறார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கென்னவோ அந்தப் பெண்கள் விடயத்தைச் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள் என்றுதான் படுகிறது.

மூக்கின் மேல் எல்லை நெற்றியெலும்பும் மூக்கெலும்பும் பொருந்தும் இடம். அது கல். ஆனால் அகலம் அளக்கப்படுவது மூக்குச் சிறகுகளில். அவை முழுக்க மென்மையான திசு. மூச்சை இழுத்தால் விரியும், சிரித்தால் விரியும், பயந்தால் விரியும், காலிப்பரைச் சற்று அழுத்தினால் ஒடுங்கும். ஓர் எல்லைக்கல்லையும் இரண்டு பட்ட கதியால்களையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டு மக்களின் மேல் கீழைத் தீர்மானித்தார்கள். அளவெடுப்பதில் ஒழுங்கில்லை என்பது அக்கால ஐரோப்பிய அறிஞர்களுக்கே தெரிந்திருந்தது. எந்த அளவை எந்தப் புள்ளியில் எடுப்பது என்று 1906இல் மொனாக்கோவிலும் 1912இல் ஜெனிவாவிலும் கூடி அவர்கள் உடன்படிக்கை செய்தமை அதனாலேதான்.

றிஸ்லியின் கணக்கை எடுத்து வரிக்கு வரி சோதித்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இயற்பியல் படித்தவர் இந்தத் துறைக்குள் வந்த விதம் சுவையானது. 1920இல் நாகபுரியில் நடந்த இந்திய விஞ்ஞான மகாநாட்டில் விலங்கியலாளர் நெல்சன் அனன்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடம் தாம் எடுத்து வைத்திருந்த உடலளவுகளை ஆராய்ந்து தரும்படி அனன்டேல் அவரிடம் கேட்டார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம்; 1933இல் 'சங்கியா' சஞ்சிகை. அந்தச் சஞ்சிகையின் முதல் தொகுதியிலேயே றிஸ்லியின் வங்காள அளவுகளைத் திருத்தி மகலனோபிஸ் ஒரு கட்டுரை எழுதினார். எண்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, எங்கே பிழை புகுந்தது என்று கண்டுபிடித்துத் திருத்தும் பொறுமையான வேலை அது. பத்திரிகைக் கந்தோரில் ஒப்புநோக்காளராக இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் விலை தெரியும்.

1936இல் அவர் வெளியிட்டதே இன்று உலகமெங்கும் 'மகலனோபிஸ் தூரம்' எனப்படுவது. அதன் சாரத்தை எளிதாகச் சொல்லலாம். உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். ஆகவே உயர வேறுபாட்டையும் கை வேறுபாட்டையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகும். அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் கழித்துவிட்டுத் தூரத்தைக் கணிக்க வேண்டும். அவரது மாணாக்கர் சி. ஆர். ராவ் இந்தக் கருவியோடு 1946இல் கேம்பிரிட்ஜ் சென்றார். சூடானின் ஜெபெல் மோயாவில் அகழ்ந்தெடுத்த பழங்கால எலும்புகளை ஆராய்வதே அங்கு அவருக்கு வேலை. 1955இல் அது நூலாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, 1996இலும், புள்ளிகளைக் கொண்டு வடிவத்தை ஒப்பிடுவது பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார். 2023இல் 102 வயதிற் காலமானார்.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் புள்ளி எது என்பது ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அளவுகளை எப்படிக் கூட்டுவது என்ற கேள்விக்குக் கல்கத்தா விடை தந்தது. அளவே எடுக்க முடியாத வளைவுக்கு என்ன செய்வது என்பது அப்படியே இருந்தது.

இதற்கு இன்னொரு வழியைக் காட்டியவர் ஸ்கொட்லாந்தின் டார்சி தொம்சன். 1917இல் வெளிவந்த தமது பெருநூலில், ஒரு மீனின் படத்தின் மேல் சதுரக் கட்டங்கள் வரைந்து, அந்தக் கட்டங்களை இழுத்து வளைத்தால் வேறொரு மீன் வந்துவிடுவதை அவர் காட்டினார். முள்ளம்பன்றி மீன் போன்ற ஒன்று பெரிய சூரியமீனாக மாறும் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அளவு நாடாவால் அல்ல, வளைவாற் பேச வேண்டும் என்பது அவரது கருத்து. அழகான கருத்துத்தான், ஆனாற் கணக்கு இல்லை. கட்டங்களைக் கையாலேதான் வரைந்தார்.

கணக்கு வந்த வழியிலும் கல் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கோர்ன்வாலில், லாண்ட்ஸ் எண்ட் பகுதியிற் பழங்காலத்து நடுகற்கள் உண்டு. அவற்றில் மும்மூன்று ஒரே நேர்கோட்டில் நிற்பது முன்னோர் திட்டமிட்டதா, தற்செயலா என்று ஒரு விவாதம். 52 இடங்களின் தரவை வைத்துக்கொண்டு, மூன்று புள்ளிகள் ஆக்கும் முக்கோணத்தின் 'வடிவம்' என்பது என்ன என்று டேவிட் கெண்டால் 1980இல் ஆராய்ந்தார். இடத்தையும் பருமனையும் திருப்பத்தையும் கழித்துவிட்டால் எஞ்சுவது வடிவம். இன்றைய வடிவப் புள்ளியியலின் அத்திவாரங்களுள் இதுவும் ஒன்று. இராஜஸ்தானத்திற் பிறந்து லீட்சிற் பேராசிரியரான காந்திலால் மார்டியா, இயன் டிறைடனோடு சேர்ந்து 1998இல் எழுதிய நூல் இத்துறையின் பாடநூலாயிற்று.

இனி வேலிக்கு வருகிறேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பிரெட் புக்ஸ்டைன் 1991இல் எழுதிய நூலில், உடலிலுள்ள புள்ளிகளை மூன்று தரமாகப் பிரித்தார். வெவ்வேறு திசுக்கள் வந்து கூடும் இடம் முதற்தரம். எங்கள் மொழியிற் சொன்னால் மூன்று வளவுகளின் வேலிகள் சந்திக்கும் மூலை; அங்கே பிணக்குக்கு இடமில்லை. வளைவு கூர்மையாகத் திரும்பும் இடம் இரண்டாந்தரம். 'மிகவும் புடைத்த இடம்', 'மிகவும் தூரமான இடம்' என்று மற்றொன்றை வைத்தே சொல்லக்கூடியது மூன்றாந்தரம். மென்மையான உறுப்புகளிற் பெரும்பாலும் அகப்படுவது இந்த மூன்றாந்தரமே, சிலவற்றில் அதுவுமில்லை.

1997இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடையாளப்புள்ளிகள் இல்லாத வடிவங்களுக்கு அடையாளப்புள்ளி முறைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். முரண்போலத் தோன்றும் தலைப்பு. அவர் எடுத்துக்கொண்ட உறுப்பு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கோர்ப்பஸ் கலோசம் என்னும் நரம்புப் பாலம். நடுவே வெட்டிப் பார்த்தால் அது வளைந்த புழுவைப் போல இருக்கும். வெளிக்கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டில் கல் எதுவும் இல்லை. உளச்சிதைவு நோயுற்றவர்களின் மூளைப் படத்தையும் மற்றவர்களின் படத்தையும் ஒப்பிடுவது அவரது நோக்கம்.

கோட்டைச் சுற்றி நாற்பது புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். வைக்கலாம். ஆனால் ஒருவருடைய பத்தாவது புள்ளியும் இன்னொருவருடைய பத்தாவது புள்ளியும் ஒரே இடந்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆதாரமே இல்லை. புக்ஸ்டைன் செய்தது இதை ஒத்துக்கொண்டதுதான். புள்ளி கோட்டின் போக்கில் எங்கே நிற்கிறது என்பதில் தகவல் எதுவுமில்லை. கோட்டுக்குக் குறுக்கே அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதிலேதான் தகவல் இருக்கிறது. கதியால் வேலியோடு நகர்ந்தால் வழக்கில்லை. வேலிக்குக் குறுக்கே நகர்ந்தால் வழக்கு!

ஆகவே புள்ளிகளைக் கோட்டின் வழியே சறுக்க விட்டார். எதுவரை? ஒருவருடைய படத்தை மெல்லிய உலோகத் தகட்டில் வரைந்ததாகவும், தகட்டை வளைத்து அதை மற்றவருடைய படத்தோடு பொருத்துவதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். தகடு ஆகக் குறைவாக வளையும் நிலை வரும்வரை புள்ளிகள் சறுக்கும். இந்தத் தகட்டுக் கணக்கை அவர் 1989இலேயே வடிவ ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்திருந்தார். தொம்சன் கையால் வளைத்த கட்டங்களை இப்போது கணினி வளைத்தது. சறுக்கி முடிந்தபின் எஞ்சும் வேறுபாடு புள்ளி வைத்தவரின் கைப்பிழை அன்று, உறுப்பின் வேறுபாடு என்று கொள்ளலாம். 2005இல் பிலிப் குன்ஸ், பிலிப் மிற்றரேக்கர் ஆகியோருடன் சேர்ந்து இதனைக் கோட்டிலிருந்து மேற்பரப்புக்கும் விரித்தார்கள்.

இதனால் ஆன பயனுக்கு ஓர் உதாரணம். தாயின் வயிற்றில் இருக்கும்போது மதுவாற் பாதிக்கப்பட்டவர்களின் அதே நரம்புப் பாலத்தை, 2000களின் தொடக்கத்தில் சியாட்டிலைச் சேர்ந்த ஆன் ஸ்றைஸ்குத் முதலியோருடன் புக்ஸ்டைன் ஆராய்ந்தார். அவர்களிடையே அதன் வடிவம் மற்றவர்களைவிட மிகப் பரந்து வேறுபட்டது. முகத்திற் குறி தெரியாமல், 'சோம்பேறி', 'அடங்காதவன்' என்று பெயர் வாங்கி வளர்ந்தவர்கள் இவர்களில் உண்டு.

குறையும் உண்டு. எத்தனை புள்ளிகள், எங்கே தொடங்குவது என்பது இன்றும் அளப்பவரின் தீர்மானம். அத்துடன் மூளைப் படத்தில் உறுப்பு அசையாமற் கிடக்கிறது. உயிருள்ள தசை அப்படிக் கிடப்பதில்லை.

எங்களுக்கு நெருங்கிய இடங்களில் அளவு எப்படி நடக்கிறது என்றும் பார்க்கலாம். போசாக்குக் குறைந்த குழந்தையைக் கண்டறிய மேற்கையிற் சுற்றும் நாடாவைப் பலர் பார்த்திருப்பீர்கள். கையின் நடுப்பகுதியில் அடையாளம் எதுவுமில்லை. ஆகவே தோள் எலும்பின் முனையையும் முழங்கை எலும்பின் முனையையும் தொட்டு, இடைத்தூரத்தின் பாதியிற் குறியிட்டு, அங்கே நாடாவைச் சுற்றுகிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு 11.5 சென்டிமீற்றருக்குக் கீழே போனால் கடும் ஆபத்து. அந்த எல்லை முன்னர் 11 ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அதனை 11.5 ஆக உயர்த்தியது 2009இல். அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்கு எத்தகைய ஆண்டு என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அரைச் சென்டிமீற்றர் என்பது அந்தக் கைகளில் எவ்வளவு பெரிய அளவு!

அடுத்தது கால். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் போன்ற இடங்களிற் செயற்கைக் கால் செய்யப்படுகிறது. ஜெய்ப்பூர்ப் பாதத்தை 1960களின் இறுதியில் உருவாக்கியவர்கள் டொக்டர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும். வெறுங்காலோடு நடக்கலாம், சப்பாணி கட்டி உட்காரலாம், தோட்டத்துச் சேற்றில் இறங்கலாம். பாதத்தை அளவுக்கேற்பச் செய்து அடுக்கி வைக்கலாம். எஞ்சிய காலை உட்கொள்ளும் குழியை மட்டும் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் செய்ய வேண்டும். அளவை மிகக் கடினமாவது இங்கேதான்.

முழங்காலுக்குக் கீழே வெட்டுண்டவருக்குச் சற்று வசதி. முழங்காற் சில்லு, அதன் கீழுள்ள முளை, வெளிப்பக்கத்துச் சிறிய எலும்பின் தலை என்று தொட்டறியக் கற்கள் உண்டு. நனைத்த துணியுறையை இழுத்து மாட்டி, அழியாப் பென்சிலால் அந்த இடங்களைக் குறிப்பார்கள். மேலே சாந்துப் பட்டையைச் சுற்றிக் காய்ந்தபின் கழற்றினால், குறிகள் அச்சின் உட்புறத்தில் ஒட்டி வந்திருக்கும். எலும்பு துருத்தும் இடத்திற் பாரம் படாமலும், முழங்காற் தசைநாரின் மேற் பாரம் படும்படியும் அச்சைச் செதுக்கித் திருத்துவார்கள். கலிபோர்னியாவின் பேர்க்லியில் 1950களின் இறுதியில் வகுத்த முறை இது.

முழங்காலுக்கு மேலே வெட்டுண்டவருக்கு அந்த வசதி இல்லை. தொடை முழுவதும் தசை. இருக்கையெலும்பின் முளையிலிருந்து இத்தனை சென்டிமீற்றருக்கு ஒரு தடவை என்று சுற்றளவை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு கல்லிலிருந்து சம தூரத்திற் கதியால் நடுவதுதான் இதுவும். அளந்த தொடை அப்படியே இருக்கவும் போவதில்லை. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. வெட்டுண்ட முதல் மாதங்களில் வற்றிக்கொண்டே போகும். உடல் பெருத்தால் மறுபடி இறுகும். குழி தளர்ந்தால் உறையின் மேல் உறை போடுவார்கள். அதற்கும் மேலே தளர்ந்தால் தோல் உரசிப் புண்ணாகும். கால் மூலையில் சாத்தி வைக்கப்படும்.

இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது 2017 டிசம்பரில். அதற்கு முன் புதைத்தவை எடுத்த கால்களுக்கு ஆண்டுக்கணக்கிற் புதிய குழிகள் செய்தாக வேண்டும். பிள்ளைப் பருவத்தில் இழந்தவர்களுக்கு வளர வளர.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மறு ஆண்டு சித்திரைக்குப் பின் திரும்பி வந்தபோது உரும்பிராயிற் பல ஒழுங்கைகளில் வேலி இல்லை. கிடுகு உக்கிப் போயிருந்தது. கதியால்களை எவரோ விறகுக்கு எடுத்திருந்தார்கள். பற்றை மண்டி எந்த வளவு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் அயலவர் இருவர், ஒருவருக்கு வலது கால் தொடையோடு இல்லை, இரண்டு எல்லைக்கற்களையும் பற்றைக்குள் தேடிக் கண்டுபிடித்துக் கயிறு கட்டினார்கள். கயிற்றின் ஒரு முனையை ஊன்றுகோலோடு நின்றவர் பிடித்தார். மற்றவர் கயிற்றின் வழியே அலவாங்கால் குழி குத்திக் கதியால் நட்டுக்கொண்டு போனார். குழிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை இருவரும் அளக்கவில்லை.